விசிறி உருளையா, தட்டை உருளையா? சூளகிரியிலிருந்து வரும் போன்தான் முடிவு செய்யும்

பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார் குடும்பம் மாதத்தில் ஒரு ஞாயிறு கிருஷ்ணகிரிக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும். அவர்கள் ஐந்து பேர், நாங்கள் ஐந்து பேர், மொத்தம் பத்து இலை. சாம்பார், ரசம், அவரைக்காய்ப் பொரியல் எல்லாம் வழக்கம்போல் இருக்கும். அவற்றைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் உருளைக்கிழங்கைப் பற்றி மட்டும் நாலு பேர் பேச வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை. ஏர் ஃப்ரையர் வாங்கிய பிறகு அது ஆசை என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

போட்டியில் நின்றவை இரண்டு. முதலாவது, முழுக் கிழங்கை அடிவரை போகாமல் இதழ் இதழாகக் கீறி, விசிறி போல விரியும்படி சுடுவது. ஸ்வீடன் நாட்டுப் பதார்த்தம். ஸ்டாக்ஹோமில் உள்ள ஹாசல்பேக்கன் என்ற உணவகத்தில் பிறந்ததால் ஹாசல்பேக் உருளை என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, விசிறி உருளை ஆகிவிட்டது. இரண்டாவது, குட்டிக் கிழங்குகளைத் தோலோடு வேகவைத்து, டம்ளரின் அடிப்பக்கத்தால் ஓர் அமுக்கு அமுக்கித் தட்டையாக்கி, மொறுமொறுவென்று சுடுவது. இது தட்டை உருளை. இரண்டையும் ஓராண்டாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். இப்போது நான் தட்டை உருளையின் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன் எதிர்க்கட்சிக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன்.

அழகில் விசிறி உருளையை எதுவும் நெருங்க முடியாது. நீளவாக்கில் ஒரே அளவாக இருக்கும் நடுத்தரக் கிழங்கை இரண்டு மரக்கரண்டிக் காம்புகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வெட்ட வேண்டும். கத்தி கீழே இறங்கிக் காம்பில் டக்கென்று தட்டி நிற்கும். அதனால் அடிப்பாகம் அரை விரல் உயரத்துக்கு அறுபடாமல் மிஞ்சும். ஒவ்வோர் இதழும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய தடிமன், அதாவது மூன்று மில்லிமீட்டர் போல. அதற்கு மேல் தடித்தால் விரியாது, மெலிந்தால் நுனி கருகும். கீறிய கிழங்கைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டால் இதழ்களுக்கு நடுவில் இருக்கும் மாவு கழுவப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும். பிறகு துணியில் ஒற்றி எடுத்து, எண்ணெய் தடவி, 180 டிகிரியில் இருபது நிமிடம். வெளியே எடுத்தால் இதழ்கள் இளகி வாய் திறந்திருக்கும். இப்போது பிரஷ்ஷை உள்ளே விட்டு மறுபடி எண்ணெய், மறுபடி இருபது நிமிடம்.

முதன்முறை அதைத் தட்டில் வைத்தபோது என் மாமியார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்னம்மா, கிழங்குக்கு வேட்டி மடிப்பு வைத்திருக்கிறாய்!" என்றார். நாத்தனார் மகள் போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோவில் நான் தோற்றேன் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மேல் நுனி ஒரு சென்டிமீட்டர் வரை சிப்ஸ் போல நொறுங்குகிறது. அதற்குக் கீழே வெறும் அவித்த கிழங்கு. உப்பும் காரமும் அடிவரை இறங்குவதில்லை. கத்தியும் முள்கரண்டியும் வைத்துப் பக்கத்தில் ஒரு குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையாகத் தெரியாமல் இருக்கலாம். நமக்கு இலையில் சோறு இருக்கிறது, ரசம் ஓடுகிறது. ஒரு முழுக் கிழங்கைக் கையால் பிய்த்துச் சோற்றோடு பிசைந்தால் விசிறியாவது மடிப்பாவது, இரண்டே உருண்டையில் எல்லாம் உருளைக்கிழங்கு மசியல்தான். அவ்வளவு நேரம் வெட்டியதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

இந்தச் சுவைக் குறையை மட்டும் வைத்து நான் கட்சி மாறவில்லை. வெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு இதழ்களுக்குள் தடவினால் அதை ஓரளவு சமாளிக்கலாம். நான் மாறியது வேறொரு காரணத்தால். சொல்லப்போனால் இந்த முழுக் கட்டுரையும் அந்த ஒரு காரணத்துக்காகத்தான்: விருந்தாளி சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்.

ஏர் ஃப்ரையர் உண்மையில் எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு சூடேற்றும் சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி. சுடுகாற்றைக் கூடைக்குள் வேகமாகச் சுழற்றி அடிக்கிறது, அவ்வளவுதான். 2010இல் பிலிப்ஸ் இந்த வகைப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ வடிவத்தில் செய்துவிட்டன, உள்ளே இருக்கும் சங்கதி அதேதான். காற்று படுகிற இடம் மொறுமொறுக்கும், படாத இடம் வேகும். ஆகவே கூடையில் ஒரே அடுக்குதான் போடலாம். ஒன்றன் மேல் ஒன்று குவித்தால் கிழங்கிலிருந்து கிளம்பும் ஆவி மேலே இருப்பதை இட்லி போல அவித்துவிடும். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதை மறந்துவிடக் கூடாது.

என்னுடையது நாலு லிட்டர் கூடை. அதில் விசிறி உருளை ஐந்துதான் நிம்மதியாக உட்காரும். பத்துப் பேருக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு நாற்பது நிமிடம். ஆக எண்பது நிமிடம். முதல் ஐந்து வெளியே வந்து, அடுத்த ஐந்து முடியும்வரை நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த நாற்பது நிமிடத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? உள்ளே இருக்கும் சூடான, ஈரமான கிழங்கு மூச்சுவிடுகிறது. அந்த ஆவிக்கு வெளியேற இருக்கும் ஒரே வழி இதழ்களின் நுனி. நாம் பாடுபட்டு மொறுமொறுக்க வைத்த அதே நுனி. கீழிருந்து நனைந்து நனைந்து, அரை மணி நேரத்தில் பழைய அப்பளம் போலத் துவண்டுவிடுகிறது.

சரி, மறுபடி சூடு செய்தால் என்ன? செய்தேன். பன்னிரண்டரைக்கு வருகிறோம் என்றவர்கள் அன்று அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டு ஒன்றே முக்காலுக்கு வந்தார்கள். ஆறிப்போன பத்தையும் இரண்டு ஈடாக 200 டிகிரியில் ஆறு ஆறு நிமிடம் விட்டேன். மெல்லிய நுனிகள் கருகி மீசை முளைத்தது போல் ஆயின, அடிப்பாகம் தொட்டால் இன்னும் குளிர்ந்தே இருந்தது. ஒரே கிழங்கில் மெல்லியதும் தடித்ததும் இருப்பதால் வரும் வினை இது. இரண்டையும் ஒரே சூட்டில் திருப்திப்படுத்த முடியாது. முன்கூட்டியே பாதி வேகவைத்து வைத்தால் நேரம் குறையுமே என்று அடுத்த மாதம் முயன்றேன். வெந்த கிழங்கைத் தூக்கும்போது ஐந்தில் மூன்று விசிறி உடைந்து கையோடு வந்தது. அன்று மதியம் அதைப் பொடிமாஸ் என்று சொல்லிப் பரிமாறினேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், அதுதான் எரிச்சல்.

தட்டை உருளையில் இந்தச் சிக்கல் அப்படியே தலைகீழ். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கலாம், ஒவ்வொரு பகுதிக்கு நடுவிலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

ஒரு கிலோ குட்டிக் கிழங்கில் ஏறக்குறைய முப்பது இருக்கும், ஆளுக்கு மூன்று. காலையில் எழுந்ததும் உப்புத் தண்ணீரில் தோலோடு வேகவைத்துவிடுகிறேன். குக்கர் வேண்டாம், தோல் வெடித்துத் தண்ணீர் உள்ளே ஏறும். திறந்த பாத்திரத்தில் பதினைந்து பதினெட்டு நிமிடம். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் போதும். வடிகட்டி ஐந்து நிமிடம் விட்டு, கையில் பிடிக்கிற சூடு இருக்கும்போதே அமுக்க வேண்டும். முற்றிலும் ஆறவிட்டால் அமுங்காமல் இரண்டாகப் பிளக்கும். எண்ணெய் தடவிய டம்ளரை மேலே வைத்து நிதானமாக எடை கொடுத்தால், கிழங்கு முதலில் கொஞ்சம் முறைக்கும், பிறகு தோல் ஓரத்தில் நாலைந்து இடத்தில் கிழிந்து வெள்ளை மாவு பிதுங்கி வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அந்தக் கிழிசல்கள்தான் பின்னால் பொன்னிறமாகி நொறுங்கப் போகும் பாகம். வெட்டிய கிழங்கின் வழவழப்பான பக்கத்தைவிட இந்தக் கரடுமுரடான ஓரம் இரண்டு மடங்கு மொறுமொறுப்பாகும்.

அமுக்கிய கிழங்கை உடனே போட்டுவிடாமல் கால் மணி நேரம் பரப்பி வைப்பேன். ஆவி போகட்டும். அந்தக் கால் மணி நேரத்தை நான் ஒருமுறை சோம்பலால் விட்டுவிட்டேன், கிழங்கு கூடையில் ஒட்டிக்கொண்டு தோலுரிந்து வந்தது. பிறகு இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய், ஒரு தேக்கரண்டி அரிசி மாவு, மஞ்சள்தூள். 200 டிகிரியில் பதினான்கு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பல். கூடைக்குப் பத்து வீதம் மூன்று ஈடு. இது முக்கால் பதம். மாவு சலிக்கும் சல்லடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அடுக்குவேன். தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்க்கும்.

எங்கள் வீட்டில் இதற்குப் பிறகு கடிகாரம் கிடையாது, போன்தான். நாத்தனார் வீட்டுக்காரர் சூளகிரி தாண்டும்போது வழக்கமாக ஒரு போன் செய்வார். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அரை மணி நேரம். அந்தப் போன் வந்ததும் தாளிப்புக்கு வேண்டியதை எடுத்து வைப்பேன். அடுத்த போன் சுங்கச்சாவடியில் நிற்கும்போது. அப்போது முப்பது கிழங்கையும் இரண்டு ஈடாகப் பிரித்து, 200 டிகிரியில் ஐந்து ஐந்து நிமிடம். இந்த முறை ஒன்றன் மேல் ஒன்று கிடந்தாலும் பரவாயில்லை. வெளி ஈரமெல்லாம் முதல் ஈட்டிலேயே போய்விட்டதால் ஒன்றையொன்று அவிப்பதில்லை. நடுவில் கூடையை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகால் கழுவி உட்காரும்போது, கிழங்கு இலையில் விழும் சத்தம் காதில் கேட்கும். மிகைப்படுத்தவில்லை. நம் பக்கத்து நிப்பட்டை உடைத்தால் வருமே, அதற்கு ஒரு படி குறைவான சத்தம்.

சோற்றோடும் இது ஒத்துப்போகிறது. ஒன்றைக் கையில் எடுத்து ரசம் சோற்றுக்குக் கடித்துக்கொள்ளலாம், இன்னொன்றை நொறுக்கிச் சாம்பாரில் பிசையலாம். உப்பு வேகும்போதே உள்ளே போய்விடுகிறது. அழகு என்று பார்த்தால், தனியாக ஒரு கிழங்கை எடுத்துப் போட்டோ பிடித்தால் விசிறி உருளையிடம் தோற்கும். ஆனால் பெரிய தாம்பாளத்தில் முப்பதையும் பரப்பி, மேலே பொடி தூவி, தாளித்த கறிவேப்பிலையைச் சொரிந்து கூடத்துக்குள் கொண்டுவந்தால் யாரும் போனை எடுப்பதில்லை, நேராகக் கைதான் வருகிறது.

பொடியைப் பற்றி இரண்டு வார்த்தை. மிளகாய்த்தூளை ஆரம்பத்திலேயே போட்டால் 200 டிகிரியில் கருகிக் கசக்கும். கடைசி ஐந்து நிமிட ஈட்டுக்கு முன்புதான் தூவ வேண்டும். வறுத்த நிலக்கடலை, பூண்டு, காய்ந்த மிளகாய், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக இடித்த பொடியை அடுப்பிலிருந்து எடுத்த பிறகே போடுவேன். தேன்கனிக்கோட்டையில் இருக்கும் என் சித்தி கொடுத்தனுப்பும் உச்செள்ளுப் பொடி, அதாவது எள் போன்ற ஒரு கருப்பு விதையின் பொடி, கைவசம் இருக்கும் மாதத்தில் நிலக்கடலைக்கு விடுமுறை. அந்தக் கருநிறப் பொடி பொன்னிறக் கிழங்கின் மேல் விழுந்தால் வாசனைக்கே பாதி பேர் அடுக்களைக்கு வந்துவிடுவார்கள்.

கறிவேப்பிலையைக் கூடைக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். விசிறி சுழன்ற வேகத்தில் இலைகள் எழும்பிப் போய்ச் சூடேற்றும் சுருளில் ஒட்டிக்கொண்டு கருகின. இரண்டு நாள் எதைச் சுட்டாலும் எரிந்த கறிவேப்பிலை வாசனை. தனியாக ஒரு சின்னக் கரண்டியில் கடுகோடு தாளித்துக் கொட்டுவதுதான் வழி.

இரண்டு பண்டத்துக்கும் பொதுவான ஒரு சூது, கிழங்கு. கடையில் 'உருளை' என்று ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள் கிடைக்கிறது. ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்துப் புதுக்கிழங்கு கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் கழலும். வடக்கே ஆக்ரா பக்கத்திலிருந்து வரும் கிழங்கோ குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்ததாக இருக்கலாம். மிகக் குளிரில் கிடந்தால் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். பொரியலில் அது லேசான இனிப்பாகத் தெரியும். ஏர் ஃப்ரையரில் அதுவே கருப்பாகத் தெரியும். உள்ளே வேகும் முன்பே வெளியே காப்பிக்கொட்டை நிறம் வந்துவிடும். அதனால் வீட்டிலும் கிழங்கை ஃபிரிட்ஜில் வைப்பதில்லை. விசிறி உருளைக்கு நீளமான, நடுத்தரமான, ஒரே அளவுள்ள கிழங்கு பத்து வேண்டும். அதைப் பொறுக்கி எடுக்க விடுகிற கடைக்காரர் எல்லாத் தெருவிலும் கிடைப்பதில்லை. குட்டிக் கிழங்குக்கு அந்தக் கவலை இல்லை. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போகிறவர் யாரிடமாவது முந்தின வாரமே சொல்லிவிட்டால் கூறு கட்டி வைத்ததை அப்படியே வாங்கி வந்துவிடுவார்கள். பச்சை படர்ந்த கிழங்கு இருந்தால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

மின்சாரக் கணக்கு கேட்பவர்களுக்கு: 1,500 வாட் இயந்திரம் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடினால் ஒரு யூனிட். விசிறி உருளையின் இரண்டு சுற்றுக்கு இரண்டு யூனிட், தட்டை உருளைக்கு ஒன்றேகால் போல, அதோடு வேகவைக்க எரிவாயு. இதை வைத்து யாரும் முடிவெடுக்கப் போவதில்லை. கழுவுவதும் இரண்டுக்கும் ஒன்றே. எண்ணெய் குறைவு என்ற பாட்டை எல்லோரும் பாடிவிட்டார்கள்.

"எதற்கு இதெல்லாம், இரும்பு வாணலி எங்கே போயிற்று?" என்று மாமியார் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேட்டும் இருக்கிறார். நாலு பேருக்கு என்றால் அவர் சொல்வது சரி. சோம்பு தாளித்து, சதுரமாக நறுக்கிய கிழங்கை வாணலியில் போட்டு, அவர் பொறுமையாகப் பிரட்டிப் பிரட்டி எடுக்கும் வறுவலின் அடிப்பொறுக்கை எந்த இயந்திரமும் கொடுக்காது. அந்தப் பொறுக்குக்கு வீட்டில் இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் பத்துப் பேருக்கு வாணலி நிறையக் கிழங்கைப் போட்டால் அதுவும் பாதி அவியல்தான். அடுப்பை விட்டு அரை மணி நேரம் நகரவும் முடியாது. அந்த அரை மணி நேரம்தான் எனக்கு அப்பளம் பொரிக்கவும் இலை போடவும் வேண்டியிருக்கிறது.

நான் சொல்வதெல்லாம் நாலு லிட்டர் கூடைக்கும் பத்துப் பேருக்குமான கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தட்டு வைக்கிற பெரிய பெட்டி வைத்திருப்பவர் பத்து விசிறி உருளையையும் ஒரே முறையில் சுட்டுவிடலாம். அப்படி முடிந்தால் என் வாதத்தில் பாதி உடைந்துவிடும், நான் அந்தப் பெட்டியில் சமைத்ததில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டிலும் விசிறி உருளைக்கே என் ஓட்டு. சுட்ட உடனே சாப்பிட ஆள் தயாராக இருக்கிறார், வெட்டவும் இரண்டே கிழங்குதான். போன மாதம் கணவரும் நானும் மட்டும் இருந்த ஒரு மாலையில் அதைச் செய்து, இலையில்லாமல், சோறில்லாமல், தட்டில் வைத்தே சாப்பிட்டோம். அன்றைக்கு அதன் மேல் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

தட்டை உருளையையும் எல்லை தெரியாமல் நம்பிவிடக் கூடாது. போன ஞாயிறு நாலு மிஞ்சியது. நாத்தனார் மகள் ஆசையாகக் கேட்டாள் என்று எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடி அழுத்தி, கொடுத்தனுப்பினேன். ஓசூர் தாண்டுவதற்குள் டப்பாவைத் திறந்திருக்கிறாள். மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், கிழங்கு மழையில் நனைந்த செருப்பு. "அத்தை, இதுவா மதியம் சத்தம் போட்டது?" என்று போனில் கேட்டாள். வீட்டுக்குப் போய்த் திறந்தபடி ஏர் ஃப்ரையரில் ஐந்து நிமிடம் போடச் சொன்னேன். இரவு ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து ஒரு ஆடியோ வந்தது. பேச்சு எதுவும் இல்லை, கடிக்கும் சத்தம் மட்டும்.